கோடிகளைக் கொட்டி எடுக்கிறார்கள் என்பதற்காக நம்பி முன்பணம் கட்டிவிடலாமா?

கணக்குப்பிள்ளை கேட்டது:

நூற்பாலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். பஞ்சுக்கு அச்சாரம் கொடுப்பதென்றால் எந்தத் தேதிக்குள் எத்தனை பேல் வந்து இறங்கும், ஈரப்பதம் எவ்வளவு தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்பலாம் என்று எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் என் மேசையைக் கடக்காது. வீட்டில் மட்டும் இந்தச் சட்டம் செல்லுபடியாவதில்லை.

தங்கை மகன் கல்லூரிப் படிப்புக்காக எங்களோடு தங்கியிருக்கிறான். அடுத்து வரவிருக்கும் ஒரு பெரிய வீடியோ கேமுக்கு, முன்பதிவு திறக்கும் அன்றே முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும் என்று பிடிவாதம். "எத்தனை கோடி போட்டு எடுக்கிறார்கள் தெரியுமா மாமா? அவ்வளவு போட்டவன் மோசமாகக் கொடுப்பானா?" என்பது அவன் வாதம்.

நான் கேம் தெரியாத ஆள் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் நானும் உட்காருகிறவன்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே நம்பிக்கையில் ஒரு கேமுக்கு முன்பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் இரவு, அதுவரை ஆடிச் சேமித்து வைத்திருந்தது மொத்தமும் காணாமல் போனது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டவுன்லோடு செய்துவிட்டீர்கள், ஆகவே தர இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அச்சாரத்துக்கு ஒரு தர்மம் உண்டு: சரக்கு சரியில்லை என்றால் விற்றவன் பதில் சொல்ல வேண்டும். இங்கே கொடுத்தது அச்சாரம்கூட இல்லை, முழுக் கிரயம்.

பையனின் வாதத்தைச் சரிபார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். சைபர்பங்க் 2077 கேமை எடுத்துக்கொண்டேன். காரணம் ரசனை இல்லை. அதைச் செய்த சிடி பிராஜெக்ட், போலந்தின் வார்சா பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம். ஆகவே கணக்கு பொதுவில் இருக்கிறது. 2012 மே மாதம் அறிவித்து, 2020இல் மட்டும் மூன்று முறை தேதியைத் தள்ளி, டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். தயாரிப்பும் விளம்பரமும் சேர்த்து ஏறத்தாழ 120 கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்), அதாவது அன்றைய மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல். முன்பதிவு மட்டும் 80 லட்சம் பிரதிகள்.

அதில் ஒரு செய்தி என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. தயாரிப்புச் செலவு, அந்த ஆண்டின் விளம்பரச் செலவு இரண்டுக்கும் மேலாக டிஜிட்டல் முன்பதிவிலிருந்தே தங்களுக்கு வர வேண்டிய தொகை சேர்ந்துவிட்டது என்று வெளியீட்டை ஒட்டி அவர்களே பங்குச் சந்தைக்குத் தெரிவித்தார்கள். போட்ட முதல் கைக்கு வந்தாயிற்று. வாங்கியவர்கள் அப்போதுதான் கேமைத் திறக்கிறார்கள். சோனியின் பழைய கேம் பெட்டியான (கன்சோல்) பிளேஸ்டேஷன் 4இல் அது பிழைகள் மலிந்து, பாதியில் நின்றுபோகும் நிலையில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. மறுபடி அலமாரிக்கு வந்தது 2021 ஜூன் 21 அன்று.

என் கேள்வி இரண்டு. இவ்வளவு பணம் எங்கேதான் போகிறது? அதிகம் போட்டவன் அதிகக் கவனமாக இருப்பானா, அல்லது அதிக அவசரத்தில் இருப்பானா?

பலகோணம் எழுதியது:

ஐயா, முதல் கேள்வி என் பிழைப்பு. பதினோரு ஆண்டுகளாக முப்பரிமாண உருவங்கள் செய்கிறேன், வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்கு வேலை முடித்துக் கொடுக்கும் ஓர் இடத்தில். எந்த கேம் என்று சொல்லக் கூடாதென ஒப்பந்தம் இருப்பதால் ஒரு தெருவிளக்கின் கதையை மட்டும் சொல்கிறேன்.

நகரம் ஒன்றுக்குத் தெருவிளக்கு வேண்டும் என்றார்கள். புகைப்படங்கள் பார்த்து, நுணுக்கமான வடிவம் ஒன்று செய்து, பிறகு கணினி திணறாமல் இருக்க அதையே குறைந்த பலகோணங்களில் (உருவத்தை ஆக்கும் சிறு தட்டைப் பரப்புகள்) மறுபடி செய்து, துருவும் தூசும் படிந்த மேற்பரப்பை வரைந்து, தூரத்திலிருந்து பார்க்கும்போது மாற்றி வைக்க இன்னும் மூன்று எளிய வடிவங்களும் செய்து கொடுத்தேன். ஐந்து நாள். இரண்டு வாரம் கழித்து, நகரத்தின் காலம் முப்பது ஆண்டு பின்னே போய்விட்டது, வார்ப்பிரும்புக் கம்பம் வேண்டும் என்று வந்தது. மறுபடி ஐந்து நாள். அப்புறம் உயரம் அதிகம், கதாநாயகன் கூரைக்குத் தாவும்போது தலை இடிக்கிறது என்றார்கள். இரண்டு நாள். பிறகு விளக்கின் ஒளி பக்கத்துச் சுவரில் விழுவதால் கேம் மெதுவாகிறது, எரியாத விளக்காக ஒன்று கொடுங்கள் என்றார்கள். எரியாத விளக்கும் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து அந்தத் தெருவையே எடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு நாளுக்கும் எங்களுக்குப் பணம் வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. கேமில் அந்த விளக்கு கிடையாது, பட்ஜெட்டில் இருக்கிறது. எங்கள் தொழிலில் இது விபத்து இல்லை, வழக்கம். செய்து பார்க்காமல் எது நன்றாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, செலவழித்த கோடிகளில் எத்தனை திரையில் இருக்கிறது, எத்தனை குப்பையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை.

இன்னொன்று, நீங்கள் ரசிப்பீர்கள். இந்தத் தொழிலில் பட்ஜெட் என்பது பெரும்பாலும் சம்பளம்தான். 2023 ஜூனில், மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்குவதை எதிர்த்து அமெரிக்காவில் நடந்த வழக்கில் சோனி சில ஆவணங்களைக் கொடுத்தது. ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்துத்தான் கொடுத்தார்கள். ஸ்கேன் செய்தபோது மைக்கு அடியில் எழுத்து தெரிந்துவிட்டது! சோனியின் இரண்டு கேம்களின் தயாரிப்புச் செலவு அப்படித்தான் வெளியே வந்தது. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்: 21.2 கோடி டாலர், ஐந்து ஆண்டு, 300 பேர் அளவில். தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம்: 22 கோடி டாலர், 70 மாதம், உச்சத்தில் 200 பேர் அளவில்.

வகுத்துப் பாருங்கள். முதலாவது 300 பேர், 60 மாதம், ஆக 18,000 ஆள்-மாதம். ஓர் ஆளுக்கு மாதம் 11,800 டாலர் சுமார். இரண்டாவது 14,000 ஆள்-மாதம். 15,700 டாலர். உச்ச எண்ணிக்கையை வைத்து வகுப்பதால் இது முரட்டுக் கணக்குதான். ஆனாலும் முதலாவது ஆம்ஸ்டர்டாமில் எடுத்தது, இரண்டாவது லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சாண்டா மோனிகாவில். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பாதி வீட்டு வாடகை என்று நான் சத்தியம் செய்யத் தயார். கேமின் தரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உடனே யாராவது கிளேர் ஆப்ஸ்கர் என்ற கேமின் பெயரை எடுப்பார்கள். பிரான்ஸின் மான்ட்பெல்லியரில் முப்பது பேர், ஒரு கோடி டாலருக்கும் குறைவு, 50 டாலர் விலை, 2025 ஏப்ரலில் வந்து மூன்று நாளில் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. எல்லாம் உண்மை. அந்த முப்பது என்பது உள்ளே இருந்த குழு மட்டும். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலை ஒரு முறை பொறுமையாகப் பாருங்கள். அசைவூட்டம், இசைக்கலைஞர்கள், குரல், சோதனை, மொழிபெயர்ப்பு என்று வெளியிலிருந்து வேலை செய்த கூட்டம் வரும். என்னைப் போன்றவர்களை யாரும் எண்ணுவதில்லை என்ற எரிச்சலில் சொல்கிறேன், அந்த கேமின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நூறு மணி நேரம் ஆடினேன்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 300 பேர், தலைக்கு மாதம் 12,000 டாலர் என்றால் ஒரு மாதத் தாமதத்தின் விலை 36 லட்சம் டாலர். விளம்பரப் பலகைகளுக்கு இடம் பிடித்தாயிற்று, கிறிஸ்துமஸ் விற்பனை வந்துகொண்டிருக்கிறது. இந்த நிலையில், "இன்னும் ஆறு மாதம் வேண்டும்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சைபர்பங்க் விஷயத்தில் 2020 அக்டோபர் 5 அன்று மூலப் பிரதி தயார் என்று அறிவித்தார்கள். எங்கள் வழக்கில் அதற்கு 'கோல்டு ஆகிவிட்டது' என்போம். அதற்கு மேல் தேதி மாறாது என்பது பொருள். மூன்று வாரத்தில் தேதி மறுபடி மாறியது. இந்தத் துறையில் இருக்கும் எவனுக்கும் அன்றே வயிற்றைக் கலக்கியிருக்கும்.

இதற்கும் முன்னால் ஒன்று நடந்தது. கட்டாய மிகை வேலை வாங்க மாட்டோம் என்று 2019இல் வெளிப்படையாகச் சொன்ன நிர்வாகம், 2020 செப்டம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வர வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஊழியருக்குக் கொடுத்த வாக்கு முதலில் போனது. வாங்குபவர்களின் முறை டிசம்பரில் வந்தது. நான் ஒரு ஸ்டுடியோவை எடைபோடும்போது பட்ஜெட்டைப் பார்ப்பதே இல்லை, இதைத்தான் பார்ப்பேன்.

தாமதமாய்_வருபவன் எழுதியது:

இரண்டு ஆண்டு கழித்து வாங்குங்கள். பிழையெல்லாம் திருத்தியிருப்பார்கள், விலையும் பாதியாகியிருக்கும். என் பெயரே என் கொள்கை.

நோ மேன்'ஸ் ஸ்கை என்ற கேம் நினைவிருக்கிறதா? இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் பதினைந்து பேர் அளவில் இருந்த ஹலோ கேம்ஸ் செய்தது. 2016 ஆகஸ்டில் வந்தபோது, பேட்டிகளில் சொன்னதில் பாதி இல்லை என்று உலகமே திட்டியது. அவர்கள் சில மாதம் வாயே திறக்கவில்லை. நவம்பரில் முதல் பெரிய அப்டேட்டைக் கொடுத்தார்கள். அப்புறம் வருடா வருடம் கொடுத்தார்கள், ஒன்றுக்கும் காசு கேட்கவில்லை. 2018இல் வந்த 'நெக்ஸ்ட்' என்ற அப்டேட்டுக்குப் பிறகுதான் நான் வாங்கினேன். என் பையன் இன்றும் ஆடுகிறான். சைபர்பங்கும் இப்போது அருமையான கேம் என்கிறார்கள். இந்தப் பொங்கல் விடுமுறையில் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

பழைய_பெட்டி எழுதியது:

மேலே உள்ள நண்பருக்கு ஒரு சிறு மறுப்பு. எல்லோரும் இரண்டு ஆண்டு கழித்து வாங்கினால் அந்த இரண்டு ஆண்டுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? முதல் நாள் வாங்கி அவதிப்பட்டவன் பணத்தில்தான் உங்களுக்கான கேம் திருந்தியது. அவனுக்கு ஒரு நன்றியாவது சொல்லுங்கள்.

சைபர்பங்க் திருந்திய கதையை எல்லோரும் நெகிழ்ந்து சொல்கிறார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு பாதி வரை. 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய இலவசத் திருத்தம் வந்தது, சில நாளில் ஃபேன்டம் லிபர்ட்டி என்ற விரிவாக்கமும் வந்தது. அந்த விரிவாக்கத்துக்கே தயாரிப்பில் 27.5 கோடி, விளம்பரத்தில் 9.5 கோடி ஸ்லோட்டி செலவழித்தார்கள். பாராட்டுகள் குவிந்தன. ஆனால் அன்று 2.0 எந்தப் பெட்டியில் ஓடியது? கணினியில், பிளேஸ்டேஷன் 5இல், புதிய எக்ஸ்பாக்ஸில். பிளேஸ்டேஷன் 4க்கு அது வரவே இல்லை. 1.6 வரிசைத் திருத்தங்களோடு நின்றுவிட்டது. 2020 டிசம்பரில் யார் பெட்டியில் அந்த கேம் உடைந்து கிடந்ததோ, அவர்களுக்குத்தான் திருந்திய கேம் கிடைக்கவில்லை. புதிய பெட்டி வாங்கினால் அந்தப் பதிப்புக்கு இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்றார்கள். சட்டையைக் கிழித்தவன், நீ புதிதாக ஒரு பேண்ட் வாங்கினால் சட்டையைத் தைத்துத் தருகிறேன் என்பது போல இருக்கிறது.

என் வீட்டில் இன்றும் இருப்பது பிளேஸ்டேஷன் 4தான். அந்த கேமை நான் வாங்கவில்லை, ஆகவே சொந்தப் பகை எதுவும் கிடையாது. ஆனால் வெளியீட்டுக்கு முன் நடந்தவற்றைத் திரும்பப் படித்தபோது எனக்கு உறுத்தியது பிழைகள் அல்ல. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். அவர்கள் தாங்களே பதிவு செய்த காட்சிகளைக் காட்டவும் அனுமதி இல்லை. பழைய கன்சோல்களில் எப்படி ஓடுகிறது என்று முதலீட்டாளர்கள் நவம்பரில் கேட்டபோது, இவ்வளவு பெரிய உலகத்துக்கு வியக்கத்தக்க அளவில் நன்றாக ஓடுகிறது என்ற பொருளில் பதில் வந்தது. வெளியான நான்காம் நாள், பழைய கன்சோல்களில் கேமைக் காட்டாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். தெரியாமல் நடந்த பிழையை நான் மன்னிப்பேன். காட்டாமல் இருக்கத் தெரிந்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்வது?

இதே நிறுவனம், வார்சாவின் சந்தையில் சிடி விற்றுவந்த இரண்டு நண்பர்கள் 1994இல் தொடங்கியது. 2015இல் விட்சர் 3 என்ற தன் கேமுக்குப் பதினாறு சிறு சேர்க்கைகளை இலவசமாகக் கொடுத்துப் பெயர் வாங்கியது. 80 லட்சம் பேர் கண்ணை மூடிக்கொண்டு முன்பதிவு செய்ததற்குக் காரணம் பட்ஜெட்டா, அந்தப் பெயரா? உங்கள் தங்கை மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

கான்கார்ட் என்ற கேமையும் ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம். 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று சோனி அதை மூடிவிட்டது. வாங்கிய எல்லோருக்கும் முழுப் பணம் திரும்பியது. வாங்கியவர்கள் கணக்கு நேர். அக்டோபர் இறுதியில் அதை எடுத்த ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். அங்கே கணக்கு நேரானது சம்பளக்காரர்கள் தலையில்.

பலகோணம் எழுதியது:

சட்டை, பேண்ட் உவமையை எடுத்துக்கொள்கிறேன், அலுவலகத்தில் உதவும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பழைய பெட்டிக்கு 2.0 வராததில் தொழில்நுட்ப நியாயம் உண்டு. சுழலும் தட்டு ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஒரு நகரத்தை வேகமாக இழுத்து வருவது உண்மையிலேயே கஷ்டம். கார் வேகமாகப் போனால் தெரு வந்து சேர்வதற்குள் கார் போய்விடும். ஆனால் இந்த நியாயம் 2020இலும் இருந்தது. அன்று அந்தப் பெட்டிக்கு விற்றார்களே.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தெருவிளக்குக் கணக்கை ஒரு முறை தனியாக எழுதிப் பார்த்தேன். ஆலையில் இதற்குக் 'கழிவு' என்று ஒரு பத்தி உண்டு. பஞ்சில் எத்தனை கிலோ தூசாகப் போனது என்று தினமும் பதிவோம். வரம்பு தாண்டினால் மேலாளர் கூப்பிடுவார். உங்கள் தொழிலில் அந்தப் பத்தியே இல்லாமல் மொத்தத்தையும் சரக்கு என்று எழுதி, அதையே விளம்பரத்திலும் போடுகிறார்கள் என்று புரிந்துகொள்கிறேன்.

மாலையில் பையனோடு உட்கார்ந்து மூன்று நிபந்தனைகள் எழுதினோம். நம் வீட்டில் இருக்கும் அதே பெட்டியில் அந்த கேம் ஓடும் காட்சியை, நிறுவனத்தைச் சேராத யாராவது காட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பணம். கணினியில் வாங்குவதென்றால் ஸ்டீமில். அங்கே பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுக்கிறார்கள். மூன்றாவது நிபந்தனை தேர்வு மதிப்பெண் பற்றியது, அது குடும்ப விஷயம்.

கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, "மாமா, நீங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்தீர்களே, அதை யார் காட்டினார்கள்?" என்று கேட்டான். ஒப்படைக்க வேண்டிய தேதி போய் இரண்டு ஆண்டு ஆகிறது. நாங்கள் பார்த்ததெல்லாம் மனையின் வாசலில் வைத்திருக்கும் பலகைப் படம்தான். நீல வானம், நீச்சல் குளம், நாயோடு நடக்கும் ஒரு பெண்மணி. பதில் சொல்லாமல் சாப்பிடப் போய்விட்டேன்.

பலகோணம் எழுதியது:

அந்தப் படத்தில் வார்ப்பிரும்புத் தெருவிளக்கு இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள் ஐயா. கேம் வேலை இல்லாத மாதங்களில் கட்டுமான நிறுவனங்களுக்கும் செய்து கொடுப்போம்.